மதுரைக் குன்றுகளில் கோடைத் தொல்லியல் நடை: கேள்வி பதில்

மதுரைக் குன்றுகளின் பழங்கால எழுத்துகளையும் சமணச் சிற்பங்களையும் காண எங்கள் தொல்லியல் கழகம் நடத்தும் கோடை நடைகள் குறித்து உறுப்பினர்களும் புதியவர்களும் கேட்டிருந்தவற்றுக்கு, அந்நடைகளை வழிநடத்தும் மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த விடைகள் இவை.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, கத்திரி வெயிலில் மொட்டைப் பாறையில் ஏறுவது தகுமா? மார்கழியில் வைத்துக்கொள்ளலாமே?

பதில்: பள்ளி, கல்லூரி விடுமுறைதான் முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கோடைக்கென்று ஒரு நன்மை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்து வழுக்கும் சரிவுகள் சித்திரையில் காய்ந்து கால் பதிக்க ஏதுவாக இருக்கும்; பாதையை மூடும் புல்லும் அப்போது இராது. நேரத்தில்தான் கண்டிப்பு வேண்டும். காலை 6 மணிக்கு அடிவாரத்தில் கூடி, எட்டரைக்குள் இறங்கிவிட வேண்டும். இது வெயிலுக்கு அஞ்சி மட்டும் வகுத்த ஏற்பாடன்று. ஈராயிரம் ஆண்டு மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோன எழுத்தின் பள்ளம், ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் நிழல் கோடாகப் புலப்படும். வெளிச்சம் நேராக விழுந்தால் அதே பாறை வெறும் பாறையாகவே நிற்கும். பத்து மணிக்கு வந்து, ‘இங்கே ஒன்றும் இல்லையே’ என்று திரும்பிப் போனவர்கள் பலர்.

கேள்வி (இல்லத்தரசி): எட்டு வயது மகளையும் அறுபத்தைந்து வயது மாமியாரையும் அழைத்து வர விரும்புகிறேன். எந்த மலை ஏற்றது?

பதில்: கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலைக்கு வாருங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமர நிழலும் இருப்பதால், ஏற இயலாதவர்கள் அங்கேயே அமர்ந்திருக்கலாம். செட்டிப்புடவு என்னும் குகையில் அமர்ந்த நிலைத் தீர்த்தங்கரர் (சமண சமயப் பெரியோர்) சிற்பத்தை அதிகம் ஏறாமலேயே காணலாம். அதே மலையின் பேச்சிப்பள்ளத்துக்குப் படிகள் உண்டு. அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவை ஏறக்குறைய 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. குகைக் கல்வெட்டுகள் உள்ள மாங்குளம் குன்றைத் தங்கள் மாமியாருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்றம் நீண்டது, இடையில் நிழலும் குறைவு.

கேள்வி (பள்ளி ஆசிரியர், திருமங்கலம்): அவ்வளவு கடினமான மாங்குளத்துக்கு ஏன் ஆண்டுதோறும் செல்கிறீர்கள்?

பதில்: அதனைப் பாராமல் இந்த நடைகளுக்குப் பொருளில்லை என்பது என் கருத்து. மீனாட்சிபுரத்தை ஒட்டிய அக்குன்றின் கல்வெட்டுகளை 1882இல் ஆங்கிலேய அதிகாரி இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். எழுத்து பிராமி என்னும் தொன்மையான வகை என்பது தெரிந்தும், மொழி எது என்பது நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று 1924இல் கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் 1960களில் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அங்கே நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பெயரைப் படித்தார். கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்கு, அம்மன்னனின் பணியாளனான கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவியர் உறைவிடம், அமைத்துக் கொடுத்தான் என்பது ஒரு கல்வெட்டின் செய்தி. இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடையாளராக வருகின்றனர். மன்னன் பெயரைக் கேட்டதும் எல்லாருக்கும் மெய்சிலிர்க்கிறது. எனக்கோ அந்த வணிகர்கள்தாம் வியப்பு. துறவிகளின் உறைவிடத்துக்கு ஒரு வணிகக் குழு பொருள் கொடுத்து அதைப் பாறையிலும் பொறித்ததென்றால், அந்தக் காலத்து மதுரைப் பகுதியின் பொருளியல் வாழ்வை எண்ணிப் பாருங்கள்.

மேலே சென்றதும் எழுத்தைத் தேடுவதற்கு முன் குகையின் நெற்றியைப் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறையில் காடி வெட்டியிருப்பார்கள். எழுத்து பெரும்பாலும் அதனை ஒட்டியே இருக்கும். உள்ளே துறவிகளுக்காகத் தலைப்பக்கம் சற்று உயர்த்தி வழவழப்பாகச் செதுக்கிய படுக்கைகள் உள்ளன. இத்தகையவற்றை ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். அவர்களைத் திருத்தப் புறப்பட வேண்டாம்.

கேள்வி (ஒளிப்படக் கலைஞர்): எழுத்துகள் படத்தில் தெளிவாக விழச் சுண்ணக்கட்டி தடவலாமா?

பதில்: கூடாது. மாவு, எண்ணெய், சுண்ணம் எதுவும் கூடாது. சுண்ணத்தால் வரைபவர் தாம் ஊகித்த எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்து வருபவர் அந்த ஊகத்தையே கல்வெட்டாகப் படித்துவிடுகிறார். கைவிளக்கைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, திசை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுங்கள். மைப்படி, அதாவது தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பது, முறையாகப் பயின்று, தொல்லியல் துறையின் இசைவு பெற்றவர்களின் வேலை.

கேள்வி (வங்கி ஊழியர்): குகைகளில் தேனடை தொங்குகிறதே?

பதில்: மலைத்தேனீ விளையாட்டன்று. நறுமணத் தைலம், புகை, கூச்சல், கல்லெறிதல் நான்கையும் விலக்குங்கள். அடை பெரிதாக இருந்தால் அந்தக் குகையைத் தவிர்த்து அடுத்ததற்குப் போய்விடுவோம். நாங்கள் செல்லும் மற்றோர் இடமான அரிட்டாபட்டிக் குன்றுகளில் இந்த அடக்கம் இருமடங்கு தேவை. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில் வல்லூறு, கழுகு இனங்கள் பாறை முகடுகளில் வாழ்கின்றன. அங்குள்ள பாண்டியர் காலக் குடைவரையில், அதாவது பாறையைக் குடைந்த கோயிலில், சைவப் பிரிவொன்றின் ஆசானான இலகுலீசரின் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (பொறியாளர்): வழியில் கருப்பு சிவப்புப் பானை ஓடு கிடந்தால் எடுத்து வரலாமா? ஓடுதானே?

பதில்: ஓடு கிடக்கும் இடம்தான் செய்தி, உங்கள் மேசைக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. கிடந்தபடியே அளவுகோலுடன் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு எங்களிடம் சொல்லுங்கள். தொல்லியல் துறைக்கு நாங்கள் எழுதுவோம். மண்ணைத் தோண்டிப் பார்ப்பது அறவே கூடாது. புதையுண்ட மதிப்புள்ள பொருள் எதிர்பாராமல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அதனை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஓடுகளை அருகில் பார்க்க ஆசையென்றால், 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு நடை முடிந்த பிற்பகலில் செல்லுங்கள்.

கேள்வி (புதிய உறுப்பினர்): அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்திலும் நடை உண்டா?

பதில்: இல்லை. அந்த வாரம் பேருந்துகள் வழிமாறிச் செல்லும், வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. மேலும், நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையில்தான் நிற்பார்கள்.