முதலில் பின்னங்காலைப் பாருங்கள்: ழான் ப்ரூவே நாற்காலிகள் பற்றிச் சில கேள்விகள்

பிரெஞ்சு வடிவமைப்பாளர் ழான் ப்ரூவேயின் பழைய நாற்காலி, மேசைகளைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "படம் அனுப்பியிருக்கிறேன், விலை சொல்லுங்கள்" என்றவற்றை ஒதுக்கிவிட்டேன். படத்தைப் பார்த்து விலை சொல்பவரை நானே நம்பமாட்டேன்.

பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட சாமான்களில் இரும்புக் கால் நாற்காலிகள் நான்கு கிடைத்தன. ப்ரூவேயாக இருக்குமா?

நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துப் பின்னங்காலைப் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து பின்னால் சாயும்போது பாரமெல்லாம் பின்னங்கால் இருக்கையைச் சந்திக்கும் இடத்தில்தான் இறங்குகிறது. முன்னங்காலுக்கு அவ்வளவு வேலை இல்லை. அதனால் ப்ரூவே முன்னால் மெல்லிய இரும்புக் குழாயோடு நிறுத்திக்கொண்டார். பின்னங்காலை மட்டும் இரும்புத் தகட்டை மடித்து, உள்ளே கூடாக, இருக்கை மட்டத்தில் அகலமாகவும் மேலும் கீழும் போகப் போக ஒடுங்கியும் செய்தார். 1934 வாக்கில் தொடங்கிய அந்த 'ஸ்டாண்டர்ட்' நாற்காலியின் அடையாளமே இதுதான். அழகுக்காகப் போட்ட வளைவு அதில் ஒன்றுகூட இல்லை. கொல்லுப் பட்டறையில் தொழில் பழகியவர் அவர். பாரம் எந்த வழியாகத் தரைக்குப் போகிறது என்று பார்த்துத்தான் தகட்டை வெட்டினார்.

உங்களுடையதில் நான்கு கால்களும் ஒரே பருமன் குழாயாக இருந்தால் அது ப்ரூவே ஸ்டாண்டர்ட் இல்லை. பெரும்பாலும் முல்கா நிறுவனத்து நாற்காலியாக இருக்கும். பிரான்சில் பள்ளிக்கூடம் போன பாதிப் பேர் அதில் உட்கார்ந்துதான் படித்திருப்பார்கள். பழைய பொருள் சந்தைகளில் அதையும் 'ப்ரூவே பாணி' என்று எழுதி வைத்து விற்கிறார்கள். 'பாணி' என்ற சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். மற்றபடி முல்கா நல்ல நாற்காலி, வீட்டில் போட்டு உட்காருங்கள்.

பின்னங்கால் சரியாக இருக்கிறது. ஆனால் முத்திரையோ கையெழுத்தோ எங்கும் இல்லை. போலியா?

பெரும்பாலான ப்ரூவே பொருள்களில் முத்திரை இருக்காது. நாளைக்கு ஏலக்கூடத்துக்குப் போகும் என்று நினைத்து யாரும் இவற்றைச் செய்யவில்லை. மாணவர் விடுதி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று மொத்தமாகச் செய்து கொடுத்த சாமான்கள் இவை. ஆகவே எந்தக் கட்டடத்திலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. பாரிசுக்குத் தெற்கே அந்தோனியில் இருந்த மாணவர் குடியிருப்பு, ஆப்பிரிக்காவில் காங்கோவின் பிரஸ்ஸாவில் நகரில் ஏர் பிரான்சு கட்டடம் என்று இடத்தின் பெயரோடு, வெளியே வந்த காலத்துக் காகிதமோ பழைய புகைப்படமோ இருந்தால், அது எந்த முத்திரையையும்விட மேல்.

விற்பவர் சொல்லும் கதையை ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள். ப்ரூவேயின் பெரிய தொழிற்சாலை கிழக்குப் பிரான்சில் நான்சி நகரை ஒட்டிய மாக்செவிலில் 1947-இல் தொடங்கியது. அதில் பங்கு வாங்கியிருந்த ஓர் அலுமினிய நிறுவனத்தின் கை ஓங்கியதும் 1953-இல் அவர் தன் தொழிற்சாலையைவிட்டே வெளியேறினார். "1958, மாக்செவிலில் ப்ரூவே நேரில் நின்று செய்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிறகு கண்ணும் விரலும். பொதுக் கட்டடத்துச் சாமானுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். உதிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று நிறம் அடுக்காகத் தெரியும். தேய்மானம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கும்: இருக்கைப் பலகையின் முன் விளிம்பு, சுவரில் இடிபட்ட முதுகுப் பலகையின் மேல்முனை, தரையில் இழுபட்ட கால்முனை. எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் யாரோ உட்கார்ந்து உப்புத்தாள் போட்டிருக்கிறார். ஸ்டார் ஸ்க்ரூ கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள், ஆனால் அதை வைத்தே தீர்ப்பு சொல்லாதீர்கள். பிறகு எவராவது மாற்றியிருக்கலாம். எனக்குப் பயம் முழுப் போலியைப் பார்த்து இல்லை. அசல் கால் இரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாகச் செய்து ஒட்டிய 'பாதி அசல்' இருக்கிறதே, அதுதான் நல்ல கண்களையும் ஏமாற்றும்.

முழுக்க மரத்தில் ஒரு ப்ரூவே நாற்காலி என்கிறார்கள். நம்பலாமா?

அப்படி ஒன்று உண்டு. போர்க்காலத்தில் இரும்பு கிடைக்காமல் 1941-இல் அதே வடிவத்தை மரத்தில் செய்தார். உண்டு என்பதால் உங்களிடம் காட்டியது அதுதான் என்று ஆகிவிடாது.

பெயின்ட் பாதி உதிர்ந்து, காலில் துரு. சுரண்டிவிட்டுப் பவுடர் கோட்டிங் போட்டால் புதிதுபோல் ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக்.

ஆகிவிடும், அதுதான் பிரச்சினை. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு மேசைக்காலை வெள்ளிபோல் பளபளக்கச் சுரண்டி, பெருமையாக என் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. கீழே கிடந்த பச்சைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி இது எந்த ஆண்டு என்று யாரிடம் கேட்பாய்?" என்றார். பெயின்ட் போனால் விலையும் போகும், சாட்சியும் போகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். மிதமான சோப்புநீரில் துணியை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்துங்கள். தனியாகத் தெரியும் துருவை மட்டும் மெல்ல எடுத்துவிட்டு, இரும்பின்மேல் மெழுகு பூசுங்கள். பின்னங்கால் உள்ளே கூடு என்பதை மறக்காதீர்கள்; தண்ணீர் உள்ளே போனால் அங்கேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். கால்முனை ரப்பர் தொலைந்திருந்தால் புதிது போடுங்கள். ஆனால் பழையது துண்டாகக் கிடைத்தாலும் ஒரு உறையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

சென்னையில் கடற்கரையை ஒட்டிய வீடு. வைக்கலாமா?

வரவேற்பறைக்குள், சன்னலைவிட்டுத் தள்ளி வைக்கலாம். பால்கனியில் கூடாது. உப்புக்காற்றுக்கு ப்ரூவேயும் ஒன்றுதான், தண்ணீர்க் குடம் வைக்கும் ஸ்டாண்டும் ஒன்றுதான்.

விட்ரா நிறுவனம் இதே நாற்காலியைப் புதிதாக விற்கிறதே. அதை வாங்கினால் தவறா?

ஒரு தவறும் இல்லை. 2002 முதல் ப்ரூவே குடும்பத்தின் ஒப்புதலோடு செய்கிறார்கள். தினமும் உட்கார்ந்து சாப்பிட நாற்காலி வேண்டுமென்றால் அதையே வாங்குங்கள். புதியதை வாங்கி, பழையது மாதிரி அடித்து நசுக்கி விற்பவரிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

'மெக்சிகோ இல்லம்' நூலடுக்கு ப்ரூவேயா, பெரியாந்தா? ஏலப் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது.

பாரிஸ் பன்னாட்டு மாணவர் நகரில் உள்ள மெக்சிகோ இல்லத்துக்காக 1952-இல் வடிவமைத்தவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லோத் பெரியாந்த். மடித்த தகட்டுப் பகுதிகளைச் செய்தது ப்ரூவேயின் பட்டறை. நிறங்களில் ஓவியர் சோனியா தெலோனேயின் பங்கு உண்டு. ப்ரூவே பெயரை முன்னால் போட்டால் விலை ஏறும் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் அது பெரியாந்தின் அலமாரி.

சண்டிகர் நாற்காலிகளும் இதே வகைதானே? இந்தியாவில் சுலபமாகக் கிடைக்குமே?

தொடர்பு உண்டு, வகை வேறு. சண்டிகர் நகரின் அரசு அலுவலகங்களுக்காகச் செய்த அவை கட்டடக்கலைஞர் பியேர் ழானரேயோடு சேர்ந்தவை. ஜெனீவாவில் பிறந்த சுவிஸ்காரர், சண்டிகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியேவின் உறவினர். ப்ரூவே, பெரியாந்த் இருவரோடும் வேலை செய்தவர். சண்டிகரில் உள்ளூர்ப் பட்டறைகளில் தேக்கும் பிரம்பும் வைத்துச் செய்தார்கள். அரசு அலுவலகங்கள் பழைய மரச்சாமான் என்று கழித்துவிட்டவை வெளிநாட்டு ஏலங்களில் கொழுத்த விலைக்குப் போனதும்தான் இங்கே விழித்தார்கள். அவற்றை விற்பதற்கும் வெளியே அனுப்புவதற்கும் எதிராக 2011-இல் உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. 'சுலபமாகக் கிடைக்கும்' என்று யாராவது சொன்னால், ஒன்று நகல், இல்லையென்றால் சிக்கல். நாற்காலியில் அரசுத் துறையின் பெயரை வண்ணத்தில் எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். அந்த எழுத்தையும் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சேகரிப்பவர்கள் வாங்கியதிலேயே பெரிய ப்ரூவே எது?

வீடு. ஆப்பிரிக்காவுக்காகச் செய்த 'வெப்பமண்டல வீடு' ஒன்று பிரஸ்ஸாவிலிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டு, 2007-இல் நியூயார்க் ஏலத்தில் 49.7 லட்சம் டாலருக்குப் போனது.

என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

நான்சிக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுங்கள். அங்குள்ள நுண்கலை அருங்காட்சியகத்தில் ப்ரூவே பொருள்களை நிதானமாகப் பார்க்கலாம். தொழிற்சாலையைவிட்டு வெளியேறிய அடுத்த ஆண்டு, மிச்சம் மீதிப் பாகங்களை வைத்துத் தனக்காக அவர் கட்டிக்கொண்ட வீடும் அதே ஊரில், ஒரு சரிவின்மேல் நிற்கிறது. திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எதையும் தொட விடமாட்டார்கள். குனிந்து பார்க்க விடுவார்கள். மடிப்பும் வெல்டிங்கும் கீழ்ப்பக்கத்தில்தான் தெரியும். முழங்கால் வலிக்காரர்கள் ஒரு சிறிய கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் போகிறேன்.