54 பாட்டில் புதிது நான்கு

இசைப்பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

ஒரு றொக் குழுவின் புகழ்பெற்ற பாட்டுகளையும், எங்கும் கிடைக்காத பதிவுகளையும் சேர்த்துக் கட்டும் பெட்டித் தொகுப்புகள் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம்.

லெட் செப்பலின் குழுவின் 1990ஆம் ஆண்டு நான்கு இறுவட்டுப் பெட்டி பம்பலப்பிட்டியில் ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது. அவர்களின் ஸ்ரூடியோ அல்பங்கள் எல்லாம் என்னிடம் உண்டு. வாங்கலாமா? – வாசகர், வெள்ளவத்தை

பாட்டுப் பட்டியலை முன்னால் வைத்து, உங்களிடம் இருப்பதை எல்லாம் பென்சிலால் வெட்டிக்கொண்டு வாருங்கள். கடைசியில் வெட்டுப்படாமல் மிஞ்சுவதற்குத்தான் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

அந்தப் பெட்டியில் 54 பாட்டுகள். உங்களுக்கு மிஞ்சுவது நான்கு. 1969இல் பி.பி.சி. வானொலிக்காகப் பாடிய 'ட்ராவலிங் ரிவர்சைட் ப்ளூஸ்' ஒன்று. 1970இல் ஒரு சிறு தட்டின் பின்பக்கமாக மட்டும் வந்து, அதுவரை குழுவின் எந்த அல்பத்திலும் ஏறாத 'ஹே ஹே வட் கேன் ஐ டூ' இரண்டு. மூன்றாவது, அதே 1969இல் பி.பி.சி.யில் குழுவின் கிற்றார் கலைஞர் ஜிம்மி பேஜ் வாசித்த பதிவு. நான்காவது, காலஞ்சென்ற ட்ரம்ஸ் கலைஞர் ஜோன் பொனமின் இரண்டு தனி வாசிப்புகளை பேஜ் இந்தப் பெட்டிக்கென்றே ஒன்றாகத் தைத்தது.

முதல் இரண்டும் 2015இல் வந்த 'கோடா' அல்பத்தின் மூன்று வட்டுப் பதிப்பில் இருக்கின்றன. அதிலேயே, 1972இல் பேஜும் பாடகர் ரொபர்ட் பிளான்ட்டும் பம்பாயில் இந்திய வாத்தியக்காரர்களோடு பதிந்த இரண்டு பாட்டுகளும் உண்டு. எங்கள் காதுக்கு நான்கு வட்டுப் பெட்டியை விட இதுவே விருந்து. ஆகவே அரிய பதிவுதான் நோக்கம் என்றால் 'கோடா'வை எடுங்கள்.

பெட்டிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒலிப் பொறியாளர் ஜோர்ஜ் மரினோவோடு உட்கார்ந்து பேஜ் தானே மறுமாஸ்டர் செய்தது, அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது அது. ஆண்டு வரிசையைக் கலைத்து அவரே அடுக்கிய ஒழுங்கில் கேட்கும்போது பழகிய பாட்டுகளும் வேறு முகம் காட்டும். அதற்காக வாங்குகிறவர் வாங்கலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அதில் விடுபட்ட பாட்டுகளைப் பொறுக்கி 1993இல் இரண்டு வட்டுகளாக இன்னொரு பெட்டி போட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: பொப் டிலனின் 1985ஆம் ஆண்டு 'பயோகிராஃப்' தொகுப்பில் 53 பாட்டுகள், அவற்றில் 18 அதுவரை வெளிவராதவை. மூன்றில் ஒரு பங்கு! இந்தக் கணக்கில் 54க்கு நாலு கஞ்சத்தனம்தான்.

பழைய பெட்டியை வாங்குமுன் அந்த இடத்திலேயே எதை எதைப் பார்க்க வேண்டும்? – வாசகி, கொட்டாஞ்சேனை

ஒரு சிறு டோர்ச் கொண்டு போங்கள். கைத்தொலைபேசி வெளிச்சமும் போதும்.

முதலில் வட்டின் எழுத்துள்ள பக்கம். கீறல் என்றால் எல்லோரும் மினுங்கும் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் 1.2 மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்டிக் இருப்பது அந்தப் பக்கம். எழுத்துப் பக்கத்தில் மெல்லிய வார்னிஷ் ஒன்றுதான் காவல், அதற்கு அடியிலேயே பாட்டைத் தாங்கும் மினுங்கும் உலோகப் படலம். அங்கே பேனா முனை பட்டாலும் பாட்டு போய்விடும், எந்தப் பொலிஷும் திருப்பித் தராது. எழுத்துப் பக்கம் உங்களைப் பார்க்க, வட்டை மின்குமிழுக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளை ஒன்றிரண்டு தெரிந்தால் பரவாயில்லை, வானத்து நட்சத்திரம் போல் தெரிந்தால் வேண்டாம்.

அடுத்தது நிறம். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தில் பிளாக்பேர்னில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் அச்சான வட்டுகள் பலவற்றில், மேல் வார்னிஷ் மட்டை – கடுதாசியில் உள்ள கந்தகத்தைத் தாங்கவில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பித்தளை நிறம் ஏறும். வட்டின் கடைசிப் பாட்டுகள் விளிம்போரம்தான் இருப்பதால், முதலில் இரைவதும் தத்துவதும் அவையே. எனவே பிளேயர் இருந்தால் முதல் பாட்டைப் போட்டுக் காட்டுவதோடு திருப்திப்படாமல் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையம். அங்கே ஐ.எஃப்.பி.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் இலக்கமும் பொடியாகப் பொறித்திருந்தால், அது 1994க்கு முந்திய அச்சு அல்ல. அந்த அடையாள முறையே அந்த ஆண்டுதான் வந்தது. '1990 முதல் அச்சு' என்று கூடுதல் விலை சொல்கிறவருக்கு அதைக் காட்டுங்கள். மினுங்கும் பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் அது வீட்டில் எரித்த பிரதி. பேசாமல் திரும்பி வாருங்கள்.

வட்டுக்கும் மூடிக்கும் நடுவே பஞ்சு போட்ட பழைய பெட்டிகள் உண்டு. இந்த ஊர் ஈரத்தில் அந்தப் பஞ்சு கரைந்து வட்டில் ஒட்டும். வாங்கிய அன்றே தூக்கி எறியுங்கள்.

வட்டு கூடினால் தொகுப்பும் நல்லதுதானே? – வாசகர், மருதானை

கிரேட்ஃபுல் டெட் குழு 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 73 வட்டுகளில் போட்டது. வாங்கியவர்களில் எத்தனை பேர் முழுவதும் கேட்டிருப்பார்கள்?

கனடாவிலிருந்து மச்சான் தன் பழைய தட்டு பிளேயரையும் ஒரு இசைத்தட்டுப் பெட்டியையும் அனுப்பினார். 230க்கு 110 ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டினால், பாடகர் நித்திரைத் தூக்கத்தில் பாடுவது போல் இருக்கிறது. தட்டு பழுதா? – வாசகர், தெஹிவளை

தட்டில் பிழை இல்லை. ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. கனடாவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. நேரே மின்சாரத்தில் ஓடும் ஏ.சி. மோட்டர் அந்த ஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகம்: நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டியது 27.8 சுற்றுகிறது. ஆறுக்கு ஐந்து என்பது சங்கீதக் கணக்கில் சாதாரண காந்தாரம் சட்சமாக இறங்குவது. கிற்றாரை எடுத்துக் கூட வாசித்துப் பாருங்கள், மூன்று அரைச்சுரம் கீழே நிற்கும்.

உறுதிப்படுத்த உபகரணம் எதுவும் வேண்டாம். தட்டின் விளிம்பில் ஒரு துண்டு வெள்ளைக் கடுதாசியை ஒட்டி, மூன்று நிமிடத்தில் எத்தனை தடவை முன்னால் வருகிறது என்று எண்ணுங்கள். சரியான வேகத்தில் 100. உங்களுடையதில் 83 வரும்.

திருத்தும் வழி பிளேயரைப் பொறுத்தது. பட்டி போட்டு ஓடுவது என்றால் மோட்டர் தண்டில் இருக்கும் சிறு கப்பியை 50 ஹேர்ட்ஸ் கப்பியாக மாற்ற வேண்டும். அதன் விட்டம் இப்போதுள்ளதைப் போல் 1.2 மடங்கு. அந்த மொடலுக்கு உரிய கப்பி கிடைத்தால் அதைப் போடுங்கள். லேத் பட்டறையில் கடைவதானால் நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்காக அளந்து, தண்டு ஓட்டை நட்டநடுவில் வரும்படி சொல்லுங்கள். மையம் சற்று விலகினாலும் நீண்ட சுரங்கள் எல்லாம் அலையும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் நேரடியாகச் சுற்றும் பிளேயர்களுக்கும், சுவர் அடப்டரில் ஓடும் டி.சி. மோட்டர்களுக்கும் இந்த நோய் இல்லை. அடுத்த முறை யாராவது அனுப்புவதாகச் சொன்னால், முதலில் பிளேயரின் பின்தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

வீடு கடற்கரைக்குக் கிட்ட. ஆறு இசைத்தட்டுகள் உள்ள பெட்டியைத் திறந்தால் தட்டெல்லாம் வெள்ளைப் புள்ளி. துடைத்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. – வாசகி, கல்கிசை

திரும்ப வருவது தட்டிலிருந்து அல்ல, உறையிலிருந்து. பூஞ்சணம் கடுதாசியில் குடியிருந்துகொண்டு தட்டுக்கு வந்து போகிறது. தட்டைக் கழுவிப் பழைய உள்ளுறைக்குள்ளேயே போட்டால் பட்ட பாடு வீண்.

முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் உலர்ந்த தூளைத் தட்டுங்கள். பிறகு ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. (பெற்றோல் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர் சரி, பற்றரி அசிட்டை எடுத்துவிட வேண்டாம்.) நனைத்த மெல்லிய துணியால் பள்ளங்கள் போகும் வழியே, வட்டமாகத் துடையுங்கள். நடுக் கடுதாசியில் தண்ணீர் படக்கூடாது. வெறும் வடித்த நீரில் இன்னொரு முறை. நிழலில் நிறுத்தி வைத்து உலர விடுங்கள். இறுவட்டுக்கு இதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். குறுக்குக் கீறலைப் பிளேயர் கணக்குப் போட்டுச் சமாளிக்கும், வட்டத்தோடு ஓடும் கீறலைச் சமாளிக்காது.

புதிய உள்ளுறை பொலித்தீனாக இருக்கட்டும். பீ.வீ.சீ. உறை காலப்போக்கில் தட்டில் பால்போல் ஒரு மங்கலை விடும், அது கழுவினாலும் போகாது. பாட்டு வரிகள் அச்சிட்ட பழைய உறையை எறிய மனமில்லையா? தனிப் பையில் போட்டு வேறாக வையுங்கள்.

வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறு மீற்றர் ஒன்று வாங்கி 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கப் பாருங்கள். இரவில் மட்டும் ஏ.சி. போடும் அறைதான் மிக மோசம்: காலையில் நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்று குளிர்ந்த மட்டையில் வேர்க்கும். பூச்சிக்கென்று நப்தலின் உருண்டை போடுகிறார்கள். அது இறுவட்டுப் பெட்டியின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

பீற்றில்ஸ் பாட்டுகளை 2009இல் மோனோவிலும் தனிப் பெட்டியாகப் போட்டார்களே, ஸ்ரீரியோ இருக்க மோனோ எதற்கு? – வாசகர், பொரளை

அறுபதுகளில் கேட்டவர்கள் வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர். குழு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கலந்தது மோனோவை. ஸ்ரீரியோவை அவசரத்தில் முடித்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் குரலும் மறுபக்கத்தில் வாத்தியமுமாகப் பிரிந்து கேட்கும் பாட்டுகளும் உண்டு. சில பாட்டுகளில் வேகமும் முடிவும்கூட வேறு. 13 வட்டுகள் உள்ள அந்தப் பெட்டி 1968ஆம் ஆண்டு அல்பத்தோடு நின்றுவிடும்.

பழைய ஒலிநாடாக்களை அடுப்பில் 'பேக்' பண்ணித்தான் அரிய பதிவுகளை எடுக்கிறார்கள் என்று வாசித்தேன். கதையா? – வாசகி, பம்பலப்பிட்டி

உண்மைதான். எழுபது, எண்பதுகளின் ஸ்ரூடியோ நாடாக்கள் பலவற்றில், அம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது, காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் நாடா கிரீச்சிடும், தூள் உரிந்து ஹெட்டில் படியும். பாட்டே உரிந்து போகிறது என்று அர்த்தம். ஆகவே வெப்பம் சீராக நிற்கும் ஆய்வுகூடப் பெட்டியில் ஏறக்குறைய 54 பாகை செல்சியஸில் எட்டு மணி நேரம் வைப்பார்கள், அகலமான நாடாவுக்கு இன்னும் கூட. ஆறிய பிறகு ஒரு மாதமளவு ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அறுபதுகளின் நாடாக்களுக்கு இந்தப் பசை இல்லாததால் அவை பெரும்பாலும் சுகமாகவே ஓடுகின்றன.

உங்கள் வீட்டுக் கசற்றுகளை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். கசற்றில் வழமையாகப் பழுதாவது நாடா அல்ல, அதை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு. பசை விட்டு விழுந்திருக்கும். ஓசை மங்கிக் கேட்டால் முதலில் அதைப் பாருங்கள்.

புதிய பெட்டியில் அதே பாட்டு பழைய இறுவட்டை விட உரத்து, பலமாகக் கேட்கிறது. புதியதுதான் நல்லது, இல்லையா? – வாசகர், வத்தளை

உரப்பைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். புதியதைப் போடும்போது வொலியூமைக் குறைத்து, பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே அளவில் வரும்படி வையுங்கள். பிறகு ட்ரம்ஸ் அடியை மட்டும் கவனியுங்கள். பழையதில் அடி குரலுக்கு மேலே துள்ளி, புதியதில் குரலோடு தட்டையாகக் கிடந்தால், மென்மையான இடங்களைத் தூக்கி உரத்த இடங்களை அமுக்கியிருக்கிறார்கள். பழைய வட்டை விற்றுவிடாதீர்கள்.

பெட்டியில் வந்த டி.வி.டி. ஓடவில்லை. – வாசகர், ஜாஎல

பின்மட்டையில் பூகோள உருண்டைக்குள் ஓர் இலக்கம் இருக்கும். இலங்கை 5ஆம் வலயம். 1 என்றிருந்தால் எல்லா வலயத்தையும் வாசிக்கும் பிளேயர் வேண்டும். 0 என்றிருந்தும் ஓடாவிட்டால் வட்டையோ பிளேயரையோ சந்தேகிக்க வேண்டும்.

வட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டுப் பெட்டியைப் பத்திரப்படுத்த நினைக்கிறேன். எவ்வளவு இடம் பிடிக்கும்? – வாசகி, வெள்ளவத்தை

இறுவட்டு ஒலி நிமிடத்துக்கு 10 மெகாபைற்றுக்குச் சற்று மேல். நான்கு வட்டு, ஐந்து மணி நேரம் என்றால் 3.2 ஜிகாபைற். ஒலி கெடாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஏற்றினால் ஏறக்குறைய 2க்குள் அடங்கும். எக்ஸாக்ட் ஒடியோ கொப்பி மென்பொருளில் 'பாதுகாப்பு' முறையில் ஏற்றி, முடிவில் அக்கியூரேட்ரிப் ஒப்பீடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வேறு ஊர்களில் அதே வட்டை ஏற்றியவர்களின் கணக்கோடு உங்களுடையதும் ஒத்தால் ஒரு துளியும் பிசகவில்லை.

இரண்டு இடத்தில் சறுக்கும். மேடைக் கச்சேரி வட்டில் கைதட்டல் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு ஓடும்; எம்பீ3யாக ஏற்றினால் நடுவே ஒரு விக்கல் விழும். மற்றது, சில தொகுப்புகளில் முதல் பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு ஒளிந்திருக்கும். சாதாரணமாக ஏற்றும்போது அது வராது. முதல் பாட்டைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி ஓட்டும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். நேரம் பூச்சியத்தைத் தாண்டிக் கழித்தலில் போனால், அங்கே ஒன்று இருக்கிறது.