சீசனில் மட்டும் வழியும் செப்டிக் டேங்க்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். நாங்கள் நான்கு பேர். சீசனில் இருபது விருந்தினர் வரை தங்குவார்கள். ஏப்ரல், மே வந்தாலே செப்டிக் டேங்க் வழிந்து, கீழ்ப்பக்கச் சுவரில் கசிகிறது. நாற்றம் தாங்கவில்லை. குளிரில் கசடைச் செரிக்கும் பாக்டீரியா செத்துவிடும், பாக்டீரியாப் பொடி வாங்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். போடலாமா சார்? தொட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். தண்ணீர் நிற்கும் ஆழம் ஒன்றரை மீட்டர்.

பதில்: பொடி வேண்டாம். குளிர்தான் காரணம் என்றால் ஜனவரியில் அல்லவா வழிந்திருக்க வேண்டும்? உங்கள் ஊரில் வெயில் கொஞ்சம் உறைக்கும் மாதங்களில்தானே வழிகிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டி 3,000 லிட்டர் கொள்ளும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால், நீங்கள் நால்வர் மட்டும் இருக்கையில் தண்ணீர் ஏழு நாளுக்கு மேல் உள்ளே தங்கும். இருபது பேர் கூடினால் வரத்து 2,400 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கசடு என்றால் மிச்ச இடம் 2,000 லிட்டர்தான். ஒரு முழு நாள்கூடத் தங்காமல், கசடு படிவதற்குள் கலங்கலாகவே வெளியே போகிறது. அந்தக் கலங்கல்தான், தொட்டித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் மண்ணை அடைத்து, சுவர் வழியே எட்டிப் பார்க்கிறது. மலையேறும் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். தொட்டிக்குள் இறங்கும் தண்ணீரை யார் எண்ணுகிறார்கள்?

குளிருக்கும் பங்கு உண்டு, கடைக்காரர் சொன்ன விதத்தில் அல்ல. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் கசடு செரிக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். பாக்டீரியா சாகாது, மந்தமாகும். ஆகவே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கசடு சீக்கிரம் சேர்ந்துவிடும். சமவெளிக்குச் சொல்லும் 'இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை' உங்களுக்குப் பொருந்தாது. வருடா வருடம் மார்ச்சில், சீசனுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, குளியல், சமையல், துணி துவைக்கும் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரியுங்கள். கழிவறைத் தண்ணீர் மட்டும் என்றால் ஆளுக்கு 35 லிட்டர் போதும்; 24 பேருக்கு 840 லிட்டர். அதே தொட்டியில் இரண்டு நாளுக்கு மேல் தங்கும். கூரை மழைநீர் இதில் சேர்கிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் சேர்கிறது, யாருக்கும் தெரிவதில்லை.

சமையலறைத் தண்ணீருக்கு முதலில் எண்ணெய்ப் பொறித் தொட்டி (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் சிறு தொட்டி, கிரீஸ் டிராப்) வையுங்கள். இங்கே குளிர் உங்கள் பக்கம்: எண்ணெய் சீக்கிரம் உறைந்து மிதக்கும், வாரம் ஒருமுறை அள்ளினால் போதும். பொறி இல்லாவிட்டால் அது குழாய்க்குள்ளேயே உறையும்.

உறிஞ்சுகுழி விஷயத்தில்தான் எனக்குக் கவலை. மலைச்சரிவில் மண் ஒரு போர்வைதான், அடியில் பாறை. குழியில் விட்ட தண்ணீர் பாறை மேல் ஓடி, கீழ்வீட்டு ஊற்றில் கலக்கலாம். தாங்குசுவருக்குப் பின்னால் தேங்கினால் மழைக்காலத்தில் சுவரே சரியலாம். சுவர் ஓரக் குழியை மூடிவிட்டு, சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில், ஆழமில்லாத ஜல்லிக் கால்வாய் வெட்டி மேலே கல்வாழை நடுங்கள். இடம் தேர்வதற்கு முன் கீழே ஊற்று, கிணறு எங்கே என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சாக்கடையில் திருப்பிவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ஊட்டி ஏரி கெட்டது கோடப்பமந்து கால்வாய் வழியே வந்த இப்படிப்பட்ட தண்ணீரால்தான்.

கசடு எடுக்கும் லாரியைக் கூப்பிடும்போது குழாய் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாலைக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு எட்டாமல் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எட்டவில்லை என்பதற்காக ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளை வீழ்த்தும். பாதுகாப்பில்லாமல் இறக்குவது, மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட. எடுத்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். அடியில் ஒரு சாண் கசடை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் விற்கும் பாக்டீரியா அதிலேயே இருக்கிறது.