சமையலறையை நீட்டும் முன்

கேள்வி: தோட்டத்தை விட்டு வந்து நாங்கள் வாங்கிய மலிவு விலை வீடு மிகவும் பழையது. சமையலறையை நீட்டவும் கூரையை மாற்றவும் 30,000 ரிங்கிட் சேர்த்துள்ளோம். குத்தகையாளர் 29,000 கேட்கிறார். இது போதுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்த விலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், அம்மா. பழைய வீட்டில் கூரையைப் பிரித்த பிறகுதான் கரையான் அரித்த சட்டங்களும் நைந்த மின்கம்பிகளும் கண்ணில் படும் என்பதால், கையிலுள்ள பணத்தில் 5,000 ரிங்கிட்டை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, 25,000 ரிங்கிட்டுக்குள் வேலையைத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. அதற்குள் இரண்டும் அடங்காவிட்டால் கூரையையும் மின்கம்பிகளையும் முதலில் முடியுங்கள். ஒழுகும் கூரையின் கீழ் புதிய அலமாரி பொருத்துவது வீண் செலவு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால், அதை உடைக்காமல் பாதுகாப்பாக அகற்றும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

சமையலறையை நீட்ட நகராண்மைக் கழகத்தின் அனுமதி தேவை. வரைபடச் செலவும் கட்டணமும் குத்தகையாளரின் விலையில் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். வேலைகளையும் அளவுகளையும் எழுதிய ஒரே பட்டியலை மூன்று குத்தகையாளர்களிடம் கொடுத்து, பொருளின் தரம் உட்பட எழுத்தில் விலை வாங்குங்கள். முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, மீதியை வேலை முடிய முடியக் கொடுங்கள். ஊழியர் சேமநிதியின் (EPF) நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போதும் பணம் எடுக்கலாம் என்றாலும், ஓய்வுக்காலத்துக்கு உதவும் அந்தச் சேமிப்பைத் தரை ஓடுகளுக்காகத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.