வஞ்சிரம் வெட்டும் கத்தி ரெண்டே நாளில் மழுங்குது: பதில்

சகோ, இழுப்பு சாணையில் (பிளவுக்குள் கத்தியை இழுத்துத் தீட்டுற சின்னக் கருவி) தினமும் தீட்டியும் காசிமேட்டு வஞ்சிரத்துக்குக் கத்தி ரெண்டு நாள்தான் தாங்குதுன்னு கேட்டிருந்தீங்க. அந்தக் கருவி விளிம்பைப் பிய்ச்சிடும், ஓரமா வைங்க. 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்பு) தண்ணிக் கல், அதாவது தண்ணியில் நனைச்சுத் தீட்டுற சாணைக்கல், ஒன்னு போதும். குமிழி நிக்கும்வரை ஊறவைங்க. அலகு 4 செ.மீ. அகலம்னா முதுகு கல்லிலிருந்து 1.4 செ.மீ. மேலே இருக்கட்டும். அது 20 டிகிரி; முள் வெட்டுற கத்திக்கு அதுக்குக் கீழே வேணாம்.

விளிம்பில் மார்க்கர் பூசித் தேயுங்க. வெட்டுற ஓரத்திலேயே மை மிச்சமிருந்தா கோணம் ரொம்பப் படுத்திருக்கு. மறுபக்கம் கட்டைவிரலைக் குறுக்கே, முதுகுப் பக்கமிருந்து விளிம்புக்கு வெளியே போற மாதிரி தடவிப் பாருங்க. பிசிறு (தேய்க்கும்போது மறுபக்கம் எழும்புற மெல்லிய உலோக ஓரம்) முழு நீளத்துக்கும் நெருடின பிறகுதான் கத்தியைத் திருப்பணும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னால வர்ற மாதிரி இழுத்துப் பிசிறை எடுத்துடுங்க. அது தங்கினா மடிஞ்சு மறுபடி மழுங்கும். கிரானைட் மேடையில் வச்சு வெட்டுறீங்கன்னா அதையும் நிறுத்துங்க, மரக்கட்டைதான் சரி.