தீபாவளிக்கு ஏத்தாத சம்பளம்

கேள்வி: எங்க வீட்டுல வேலை பாக்குற அக்காவுக்கு மாசாமாசம் உரிமைத்தொகை ஆயிரம் ரூபா வருது. வந்த அன்னைக்கே காரைக்குடி போயி பிள்ளைகளுக்கு பரோட்டா, பொண்ணு கொலுசுக்கு நகைக்கடை சீட்டுன்னு காலி பண்ணிடுறாங்க. அந்த ஆயிரம் வருதேன்னுதான் நானும் தீபாவளிக்கு சம்பளம் ஏத்தல. இப்ப பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு என்கிட்டயே கடன் கேக்குறாங்க. காசா குடுக்காம மளிகை சாமானா குடுத்தா என்ன?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மளிகைய அப்புறம் பாப்போம் ஆச்சி. சம்பளம் ஏத்தலன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்களே, அதுக்கு வாங்க.

அந்த மகளிர் உரிமைத்தொகைய 2023 செப்டம்பர் 15 காஞ்சிபுரத்துல ஆரம்பிச்சப்பவே அதுக்கு உதவின்னு பேர் வைக்கல, உரிமைன்னு வச்சாங்க, பொம்பளைங்க வீட்டுல கூலியில்லாம மாடா உழைக்கிறதுக்கு ஒரு மதிப்புன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அவங்க வீட்டு உழைப்புக்கு வந்த காச நீங்க உங்க வீட்டு வளவு கூட்டித் துடைச்ச கூலில கழிச்சுக்கிட்டீங்க, அப்புறம் அந்தக் காசுக்கு கணக்கும் கேக்குறீங்க.

ரேஷன் அரிசி 2011 ஜூன்லேர்ந்து சும்மாதான் வருது, சோத்துக்கு அது இருக்கு. கொலுசு சீட்டு ஊதாரித்தனமாம். உங்க பொண்ணு பொறந்த நாள்லேர்ந்து வெள்ளியும் எவர்சில்வருமா வாங்கி அறைல அடுக்கிப் பூட்டுனீங்களே, அது சேமிப்பு, அவங்க பண்ணா செலவா?

எங்கப்பத்தா எங்கம்மாவ வேறு வச்சப்ப, அதான் அதே வீட்டுக்குள்ள மகன் குடும்பத்துக்குத் தனி அடுப்பு வச்சுக் குடுத்தப்ப, வருசத்துக்கான அரிசி பருப்பு புளிய அளந்து ரெண்டாங்கட்டு அடுப்புக்குப் பக்கத்துல இறக்கி வச்சாக, அதுக்கப்புறம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு நாள் கூட எங்க சட்டிய எட்டிப் பாத்ததில்ல, கோபம் வந்தா வாய மூடிக்கிட்டு பின்கட்டுல போய் உக்காந்துக்குவாக. சொந்த மருமக சட்டிக்கே அந்த மரியாதை. நீங்க வேலைக்கு வர்றவங்க பர்ஸ தொறந்து பாக்குறீங்க.

அவங்க மேலயும் தப்பு இருக்கு, இல்லங்கல. வருசா வருசம் ஃபீஸ் வரும்னு தெரியாதா, பரோட்டாவ ஒரு மாசம் தள்ளிப் போட்டா பிள்ளைக என்ன அழுதுறவா போகுது? ஆனா அத அவங்க ஆத்தாளோ மாமியாரோ சொல்லட்டும், நீங்க சொன்னா அது முதலாளி அதட்டுற மாதிரிதான் இருக்கும்.

கடன் குடுக்குறதும் மாட்டேங்குறதும் உங்க இஷ்டம். ஏத்தாம விட்டது மட்டும் கடன் கணக்குல வராது. தீபாவளிலேர்ந்து எத்தன மாசம்னு எண்ணி ஒரு கவர்ல போட்டு குடுங்க, ஃபீஸுக்கு பத்துதா இல்லையான்னு அவங்க பாத்துக்குவாங்க.