'செட்'டுக்கு எத்தனை அர்த்தம்தாங்க?

கேள்வி: பையனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க உக்காந்து 'செட்'ங்கற ஒரே வார்த்தைல மாட்டிக்கிட்டேன். சூரியன் மறைஞ்சாலும் செட்டாம், அலாரம் வெச்சாலும் செட்டாம், டென்னிஸ்லயும் செட்டாம், கணக்கு புக்கைத் தொறந்தா அங்கயும் செட்டு. எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறது?

பதில்: மனப்பாடம்னு இறங்கினா இங்கிலீஷ்காரங்களே தோத்துடுவாங்க. 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதில 'செட்'ங்கற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம், விளக்கம் சுமாரா 60,000 வார்த்தை, அதாவது ஒரு நாவல் சைஸ்! (அப்புறம் திருத்தி எழுதறப்ப 'ரன்' 645 அர்த்தத்தோட முந்திக்கிச்சு, அதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. 'சிட்'னா உட்காரு. இன்னொண்ண உட்கார வெச்சா அது 'செட்'. நம்ம அமர் - அமர்த்து, படு - படுத்து மாதிரி ஜோடிதான், பழைய இங்கிலீஷ்லயே 'செட்டன்'னு இருந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாருங்க, அலாரத்தை ஆறு மணில உட்கார வைக்கறோம், மோதிரத்துல கல்லை உட்கார வைக்கறோம், விலகின எலும்பை டாக்டர் அதோட இடத்துல உட்கார வைக்கறாரு, கல்யாணத் தேதிய ஒரு நாள்ல உட்கார வைக்கறோம், எல்லாம் ஒரே வேலைதானே? சிமெண்ட் இறுகறதும் அப்படித்தான், இனிமே அசையாம உட்கார்ந்துடுச்சுன்னு அர்த்தம். சூரியன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் இழுத்துதான் பொருத்தணும், ஆனா கோழி அடையற மாதிரி நாமளும் 'பொழுது அடைஞ்சிருச்சு'ன்னு சொல்றோமே, அப்படி நினைச்சுக்கிட்டா எனக்கு ஒட்டிக்குது.

டென்னிஸ், கணக்கு, கப் சாஸர் இதெல்லாம் வேற வம்சம். அங்க செட்னா தொகுப்பு, கூட்டம். லத்தீன்ல 'செக்டா'ன்னு ஒரு சொல், ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம், அது ஃபிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து நம்ம பழைய 'செட்'டோட கலந்துடுச்சு, மதப் பிரிவைச் சொல்ற 'செக்ட்'டும் அதே வேர்லேர்ந்து வந்ததுதான். பல கேம் சேர்ந்தா ஒரு செட், பல எண் சேர்ந்தா ஒரு செட், தமிழ்ப் பாடத்துல அதைத்தான் கணம்னு போட்டிருப்பாங்க. பையனுக்கு முதல்ல ரெண்டு டப்பா குடுங்க: 'உட்கார வை' ஒண்ணு, 'கூட்டம்' ஒண்ணு. முக்காவாசி இதுக்குள்ள அடங்கிடும். அடங்காம நிக்கறது 'செட் அவுட்', 'செட் ஆஃப்' மாதிரி வால் முளைச்ச கேஸுங்கதான், அதுகளை வாக்கியத்தோடதான் படிக்கணும், வேற வழியில்ல.

கேள்வி: நேத்து செஞ்சதுக்கும் செட், இன்னைக்கு செய்யறதுக்கும் செட்டா?

பதில்: ஆமாங்க. கட், புட், ஹிட் எல்லாம் அந்த ஜாதிதான். பழைய காலத்துல இறந்தகாலத்துக்கு 'செட்டெ'ன்னு கடைசில ஒரு வால் இருந்துச்சு, தேய்ஞ்சு போயிடுச்சு. 'ஹி செட்ஸ்'னு எஸ் இருந்தா நிகழ்காலம், 'ஹி செட்'னு நின்னா முடிஞ்சு போனது.

கேள்வி: 'எனக்கும் அவனுக்கும் செட் ஆகலை'ன்னு இங்கிலீஷ்ல சொல்லலாமா?

பதில்: சொல்லிடாதீங்க, நீங்க ரெண்டு பேரும் ஜெல்லியா இன்னும் இறுகலையான்னு முழிப்பாங்க! அது முழுக்க நாம உண்டாக்கின அர்த்தம்.